கஞ்சா வழக்கு: முதல் நாளின் காகிதங்கள்

"கஞ்சா கேஸ் போட்டு உள்ளே தள்ளிவிடுவேன்" என்ற மிரட்டலைக் கேள்விப்படாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. சினிமாவில் வருகிறது, டீக்கடைப் பேச்சில் வருகிறது. திருட்டு, அடிதடி, மோசடி என்று எத்தனையோ வழக்குகள் இருக்க, மிரட்டுவதற்கு மட்டும் ஏன் கஞ்சா வழக்கு? விடை சட்டத்திலேயே இருக்கிறது. திருட்டு வழக்குக்குப் பொருளைப் பறிகொடுத்த ஒருவர் வேண்டும். அடிதடி வழக்குக்குக் காயம் வேண்டும், அதைப் பார்த்த டாக்டர் வேண்டும். போதைப்பொருள் வைத்திருந்த வழக்குக்குப் புகார்தாரரே தேவையில்லை. ஒரு பொட்டலமும், அதைக் கண்டெடுத்ததாகச் சொல்லும் அதிகாரியும், அங்கேயே எழுதிய ஒரு பறிமுதல் மகஜரும் போதும். நடந்ததை வெளியார் யாரும் பார்த்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் இந்த வழக்கில் சோதனை எப்படி நடந்தது, எடை எப்படிப் போடப்பட்டது, மாதிரி யார் முன்னால் எடுக்கப்பட்டது என்பவை வெறும் சம்பிரதாயங்கள் அல்ல, வழக்கே அவைதான். இவற்றைக் காட்டி ஒருவர் விடுதலையாகும்போது "சட்டத்தின் ஓட்டையில் தப்பிவிட்டான்" என்று சொல்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. சட்டம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், அந்தப் பேச்சு தவறு என்பது விளங்கும்.

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வக்கீல்களும் போலீசாரும் சுருக்கமாக 'என்.டி.பி.எஸ்.' என்பார்கள். இதில் தண்டனையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எடைதான். 2001இல் வந்த திருத்தம் சிறிய அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு என மூன்று படிகளை வகுத்தது. கஞ்சாவுக்கு 1 கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. ஹெராயினுக்கு 5 கிராமும் 250 கிராமும். கோகெயினுக்கு 2 கிராமும் 100 கிராமும். மெத்தாம்பெட்டமினுக்கு 2 கிராமும் 50 கிராமும். சிறிய அளவு என்றால் அதிகபட்சம் 1 ஆண்டு சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை போகலாம். வணிக அளவு என்று வந்துவிட்டால் 10 ஆண்டுக்குக் குறைத்துத் தண்டனை கொடுக்க நீதிபதிக்கே அதிகாரம் கிடையாது. 20 ஆண்டு வரை கொடுக்கலாம், அபராதம் குறைந்தது 1 லட்சம். ஆக, 19 கிலோ 900 கிராம் கஞ்சாவுக்கும் 20 கிலோ 100 கிராம் கஞ்சாவுக்கும் நடுவில் இருப்பது 200 கிராம் இலைதழை மட்டுமல்ல, ஒரு மனிதனின் பத்தாண்டு. தராசில் என்ன வைத்தார்கள் என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்பது இதிலிருந்தே தெரியும்.

அந்தக் கேள்வி சட்டத்தின் சொல்விளக்கத்திலிருந்தே தொடங்குகிறது. கஞ்சா என்றால் கஞ்சாச் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிப்பகுதி என்கிறது சட்டம். அந்த நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கஞ்சா ஆகாது. ஆனால் மூட்டையைப் பிரிக்காமல் தண்டு, இலை, விதை, கட்டியிருக்கும் பாலித்தீன் எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டு '21 கிலோ' என்று எழுதிய வழக்குகள் நீதிமன்றங்களுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. உண்மையான எடை வணிக அளவைத் தொட்டதா என்ற ஐயம் எழுந்ததாலேயே சில உயர் நீதிமன்றங்கள் பிணை கொடுத்திருக்கின்றன. மறுபக்கம், ஹெராயின் போன்ற பொருள்களில் சட்டம் இறுகியும் இருக்கிறது. 4 கிலோவுக்குச் சற்றே கூடுதலான ஒரு கலவையில் தூய ஹெராயின் 2 சதவீதம்கூட இல்லாத வழக்கில், தூய பொருளின் எடையை மட்டுமே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்னது. 2020இல் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கலவையின் மொத்த எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கலப்படம் எவ்வளவு செய்திருந்தாலும் இப்போது அது குற்றவாளிக்குச் சாதகமாகாது.

எடைக்கு அடுத்தது, இன்னும் முக்கியமானது, சுமை யார் தலையில் என்பது. பொதுவான குற்றவியல் வழக்கில் எல்லாவற்றையும் அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும்; எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், வாய் திறக்காமல் இருந்தாலும் போதும். இந்தச் சட்டத்தின் 35ஆவது, 54ஆவது பிரிவுகள் அதைப் புரட்டிப் போடுகின்றன. பொருள் ஒருவர் வசம் இருந்தது என்று காட்டிவிட்டால், அது என்னவென்று தெரிந்தேதான் அவர் வைத்திருந்தார் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். 'எனக்குத் தெரியாது' என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை. இந்தப் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு எதிரானவை என்று எழுந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 2008இல் நூர் ஆகா வழக்கில் ஏற்கவில்லை. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு முக்கியமான வரம்பைக் கட்டியது. அனுமானம் தானாக வந்துவிடாது. பொருள் இவரிடம்தான் இருந்தது, இவரிடம் எடுத்த பொருள்தான் ஆய்வகத்துக்குப் போனது என்ற அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் சுமை எதிரியின் பக்கம் நகரும். அமிர்தசரஸ் விமான நிலையத்தில் திராட்சைப் பெட்டிக்குள் ஹெராயின் கொண்டுவந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஆப்கானியர் அந்த வழக்கில் விடுதலையானார். கைப்பற்றிய பொருள் ஒழுங்காக நீதிமன்றத்துக்கு வந்து சேராதது காரணங்களில் ஒன்று.

சட்டம் அனுமானத்தை அரசுக்குக் கொடுத்தபோதே அதற்கு ஈடாகச் சில கட்டுப்பாடுகளையும் வைத்தது என்பதுதான் இதில் புரிந்துகொள்ள வேண்டியது. ஒரு வீட்டிலோ கட்டடத்திலோ வாரன்ட் இல்லாமல் நுழைவதென்றால், வந்த தகவலை அதிகாரி எழுதி வைத்து, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும் (பிரிவு 42). ஆளைச் சோதனை போடுவதென்றால், அருகிலுள்ள கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கும்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் (பிரிவு 50). பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். கைது பற்றியும் பறிமுதல் பற்றியும் 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு முழு அறிக்கை போக வேண்டும் (பிரிவு 57). கைப்பற்றிய பொருளைப் பட்டியலிட்டு மாஜிஸ்திரேட் முன்னால் மாதிரி எடுக்க வேண்டும் (பிரிவு 52ஏ). பிரிவு 50ஐப் பற்றி ஐந்து நீதிபதிகள் அமர்வு இரண்டு முறை பேசியிருக்கிறது. 1999இல் பல்தேவ் சிங் வழக்கில், இந்த உரிமையைச் சொல்லாமல் உடலைச் சோதித்து எடுத்த பொருளை, அது அவர் வசம் இருந்ததற்குச் சான்றாகப் பயன்படுத்த முடியாது என்றது. தண்டனை கடுமையாகும் அளவுக்கு நடைமுறையும் கவனமாக இருக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். 2010இல் விஜய்சின் ஜடேஜா வழக்கில், ஏறக்குறையச் சொன்னோம் என்பது போதாது, உரிமையைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும் என்றது. 'மாஜிஸ்திரேட்டிடம் போகலாமா, கெஜட்டட் அதிகாரியிடம் போகலாமா, இல்லை நானே பார்த்துவிடட்டுமா' என்று மூன்றாவது வழி ஒன்றை அதிகாரி காட்டக் கூடாது என்று 2014இல் பர்மானந்த் வழக்கில் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தாளில் உரிமையைச் சொல்லி, ஒருவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் வழக்கமான ஆட்சேபம் வரும். கஞ்சாவும் மாத்திரையும் பள்ளிக்கூட வாசல் வரை வந்துவிட்டன. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் மூட்டை மூட்டையாக வருகிறது. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. இந்த நிலையில் ஒரு தாளில் கையெழுத்து இல்லை என்று கடத்தல்காரனை விட்டுவிடுவதா? இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நீதிமன்றங்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இல்லை. பிரிவு 50 உடலில் செய்யும் சோதனைக்கு மட்டும்தான், கையில் வைத்திருக்கும் பைக்கு அல்ல என்று 2005இல் பவன் குமார் வழக்கில் சொன்னதை 2023இல் மீண்டும் உறுதி செய்தார்கள். நடைமுறையில் பொருள் பெரும்பாலும் பையில்தான் இருக்கும் என்பதால், இந்த ஒரு தீர்ப்பே எதிர்த்தரப்பின் கையிலிருந்த பெரிய ஆயுதத்தைப் பறித்துவிட்டது. புகார் கொடுத்த அதிகாரியே விசாரணையும் நடத்தினார் என்பதற்காக மட்டும் வழக்கு விழாது என்று 2020இல் முகேஷ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு கூறியது. வெளிச் சாட்சி இல்லை என்பது மட்டும் போதாது என்றும் அதே ஆண்டு வேறொரு தீர்ப்பு வந்தது. 52ஏ பிரிவில் பிசகு இருந்தாலே விடுதலை என்பதில்லை, மற்றச் சான்றுகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் பரத் ஆம்பலே வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு எழுத்துப் பிழையைக் காட்டி வெளியே வந்துவிடலாம் என்று யாராவது வக்கீல் இன்று உறுதி சொன்னால், அவரை நம்ப வேண்டாம்.

இந்தப் பாதுகாப்புகளை இவ்வளவு சுருக்கிய பிறகும் நடைமுறையில் தோற்கும் வழக்குகள் ஏன் தோற்கின்றன என்று பார்த்தால், ஆட்சேபத்துக்கு விடை கிடைக்கும். சென்னையில் 22 கிலோ கஞ்சாவுடன் இரண்டு பேரைப் பிடித்ததாக ஒரு வழக்கு. விசாரணையில் அந்த 22 கிலோவும் எங்கே என்று கேட்டால், ஆய்வுக்கு அனுப்பிய சிறு மாதிரி போக மீதியை எலி தின்றுவிட்டது என்றது போலீஸ் தரப்பு. 2023இல் சிறப்பு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. பத்திரிகைகள் எலியைப் பார்த்துச் சிரித்தன. சிரிப்பை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பாருங்கள்: வணிக அளவின் எல்லை 20 கிலோ, வழக்கில் சொன்னது 22 கிலோ, கண்ணெதிரே இருப்பது சில கிராம். அந்த 22 என்ற எண்ணுக்கு, எழுதியவரின் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அந்த வார்த்தையை மட்டும் நம்பி ஒருவரைப் பத்தாண்டு சிறையில் வைக்கலாம் என்றால், அடுத்த முறை 2 கிலோவை 22 என்று எழுதுபவரை எப்படித் தடுப்பது? உண்மையான கடத்தல்காரர் தப்பியிருந்தால், தப்ப விட்டது சட்டமும் அல்ல, நீதிபதியும் அல்ல. பொருளைக் காப்பாற்றி வைக்கத் தெரியாத கிடங்குதான். பட்டியல், மாஜிஸ்திரேட் முன்னால் மாதிரி, பிறகு மீதியை அழிப்பது என்ற 52ஏ முறையின் பொருளே, எலி வருவதற்கு முன் சான்றைப் பத்திரப்படுத்துவதுதான். 2016இல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் கிடங்குகளின் நிலையைக் கேட்டறிந்து இதை வற்புறுத்தியது. நல்ல போலீஸ் அதிகாரிக்கு இந்த விதிகள் துணை. கெட்ட அதிகாரிக்குத்தான் இடைஞ்சல். அலைக்கழிக்கும் நோக்கில் காரணமில்லாமல் சோதனை போட்டுக் கைது செய்யும் அதிகாரிக்கு இந்தச் சட்டத்தின் 58ஆவது பிரிவு வைத்திருக்கும் தண்டனை 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடிபட்டவருக்குப் பத்து முதல் இருபது ஆண்டு என்பதோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

நடைமுறையைத் தாண்டி, 'வசம் இருந்தது' என்பதே விவாதத்துக்கு உரியது. கையில் இருந்தால் மட்டும் வசம் ஆகாது. அது இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அதன் மேல் கட்டுப்பாடும் இருக்க வேண்டும். லாரியில் பாப்பி உமி மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தவர்களும் ஓட்டுநரும் சம்பந்தப்பட்ட அவதார் சிங் வழக்கில், மூட்டை மேல் உட்கார்ந்திருந்தது மட்டும் வசம் வைத்திருந்ததாகாது என்று 2002இல் விடுவித்தார்கள். மறு ஆண்டே மதன்லால் வழக்கில், ஒரே காரில் ஒன்றாகப் பயணம் செய்தவர்களைப் பொருள் இருப்பது தெரிந்தே வைத்திருந்தவர்கள் என்று தண்டித்தார்கள். இரண்டுக்கும் முரண் இல்லை. ஒருவர் மற்றவருக்கு யார், பயணம் எதற்கு, பொருள் எங்கே இருந்தது என்ற சூழ்நிலைதான் முடிவு செய்கிறது. நண்பனின் பைக்கில் ஏறிப்போன இளைஞனுக்கும், அறையைப் பகிர்ந்துகொண்ட மாணவனுக்கும், வண்டியை வாடகைக்கு விட்டவருக்கும் இதுதான் உயிர்நாடியான கேள்வி. பயணச்சீட்டு, சுங்கச்சாவடிக் கேமரா, வாடகை ஒப்பந்தம், தொலைபேசிப் பதிவு என்று அன்றைய நாளின் சாதாரணத் தடயங்கள்தான் இங்கே பேசும். சில வாரங்களில் அவை அழிந்துபோகலாம் என்பதால் உடனே கேட்டு எடுத்து வைக்க வேண்டும்.

வாக்குமூலத்தைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. நீண்ட காலம் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் 67ஆவது பிரிவில் எழுதி வாங்கிய ஒப்புதலையே முக்கியச் சான்றாக வைத்து வழக்கு நடத்தினார்கள். அவர்கள் போலீசார் அல்லர், எனவே அந்த ஒப்புதல் செல்லும் என்பது வாதம். தமிழ்நாட்டிலிருந்து மேல்முறையீடாகப் போன தோஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை முடித்துவைத்தது. அந்த அதிகாரிகளும் சட்டத்தின் கண்ணில் போலீசாரே, அவர்களிடம் கொடுத்த ஒப்புதலை வைத்துத் தண்டிக்க முடியாது. 'இவன் பெயரைத்தான் அவன் சொன்னான்' என்பதை மட்டும் வைத்துச் சேர்க்கப்பட்டவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய பாதுகாப்பு. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று குடும்பங்கள் மனம் உடைந்து போக வேண்டியதில்லை. அதே சமயம், படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாமல் இருப்பதும், மௌனமாக இருப்பதும் அரசியல் சட்டம் தரும் உரிமைகள்.

தீர்ப்பு வரை காத்திருக்கும் காலமே தண்டனையாகிவிடுவதுதான் இந்தச் சட்டத்தின் மிகக் கடுமையான பகுதி. வணிக அளவு வழக்கில் பிரிவு 37 பிணைக்குக் குறுக்கே நிற்கிறது. எதிரி குற்றம் செய்யவில்லை என்று நம்புவதற்குக் காரணம் இருக்கிறது, வெளியே வந்தால் மீண்டும் குற்றம் செய்யமாட்டார் என்ற இரண்டையும் நீதிபதி நம்பினால்தான் பிணை. குற்றப்பத்திரிகைக்கே 180 நாள் அவகாசம். அரசு வக்கீல் காரணம் காட்டிக் கேட்டால் ஓராண்டு வரை நீட்டலாம். கெடு தாண்டியும் குற்றப்பத்திரிகை வராவிட்டால் பிணை உரிமையாகவே கிடைக்கும் என்பதால், நாளைக் கணக்கு வைத்துக்கொள்வது வக்கீலின் வேலை மட்டுமல்ல, குடும்பத்தின் வேலையும்தான். விசாரணை இழுத்துக்கொண்டே போனால் என்ன செய்வது? 7 ஆண்டுக்கு மேல் விசாரணைக் கைதியாக இருந்த ஒருவருக்கு 2023இல் முகமது முஸ்லிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிணை கொடுத்து, வழக்கு அளவுக்கு மீறித் தாமதமானால் 37ஆவது பிரிவு தடையாகாது என்றது. ஏழு ஆண்டு கழித்துக் கிடைக்கும் பிணையை நிவாரணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடிகர் ஷாருக்கானின் மகன் 2021 அக்டோபரில் மும்பையில் கைதானபோது அவரிடம் எந்தப் பொருளும் இல்லை. நாட்டின் முன்னணி வக்கீல்கள் வாதாடியும் பிணை கிடைக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆனது, மறு ஆண்டு மே மாதம் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லை. அதே குற்றச்சாட்டில் வட சென்னையிலோ உசிலம்பட்டியிலோ ஒரு கூலித் தொழிலாளியின் மகன் சிக்கினால் எத்தனை மாதம் ஆகும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

பயன்படுத்துகிறவரும் விற்கிறவரும் ஒன்றல்ல என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்தப் பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை. உட்கொண்ட குற்றமோ சிறிய அளவு வைத்திருந்த குற்றமோ சுமத்தப்பட்ட, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் 64ஏ பிரிவு அவரை வழக்கிலிருந்தே விடுவிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தண்டித்த பிறகும் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப 39ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. மகன் பிடிபட்டால் அவமானத்தில் வீட்டைப் பூட்டிக்கொள்ளும் பெற்றோர் இந்த இரண்டு பிரிவுகளையும் வக்கீலிடம் கேட்டே ஆக வேண்டும்.

கைதான முதல் நாளே செய்ய வேண்டியவை சில உண்டு. கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, யார் யார் இருக்கும்போது பிடித்தார்கள் என்பதை நினைவு மங்குமுன் எழுதி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவின்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவையும், பக்கத்துக் கடை கேமராப் பதிவையும் பத்திரப்படுத்தும்படி முதல் ரிமாண்டின்போதே மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்க வக்கீலிடம் சொல்லுங்கள். அடித்திருந்தால் அதையும் அப்போதே மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வேண்டும். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.